கம்பைலர் "ஆமா"ன்னு சொன்னா போதுமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பழைய சி புரோகிராம் புது கம்பைலர்ல (நாம எழுதறதை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்தற சாஃப்ட்வேர்) ஏன் உடையுதுன்னு அரைப் பக்கம் எழுதினேன். அதுக்கு வந்த கடிதம், வாட்ஸ்அப் எல்லாம் சேர்த்துப் பார்த்தா முக்காவாசி ஒரே விஷயம்தான், ஒரு கம்பைலர் "நான் ஸ்டாண்டர்டுபடிதான் நடக்குறேன்"னு எங்க, எப்படிச் சொல்லுது, சொன்னா நம்பலாமான்னு. ஸ்டாண்டர்டுன்னா ஒரு மொழி எப்படி இருக்கணும்னு எழுதி வச்ச பொது விதி. அதனால இந்தத் தடவை பிரிண்டர், வைஃபை கேள்வி எல்லாம் ஓரமா வச்சாச்சு, அடுத்த மாசம் பார்ப்போம்.

அண்ணா, எங்க காலேஜ் லேப்ல இன்னும் அந்த நீலக் கலர் டர்போ சி++ தான், டாஸ்பாக்ஸ்ல (பழைய டாஸ் புரோகிராம் ஓட்டற சாஃப்ட்வேர்) போட்டு ஓட்டுறோம். வீட்ல லேப்டாப்ல ஜிசிசி 15-ங்கற இலவசக் கம்பைலர் இருக்கு. லேப்ல ஓடின ரெக்கார்ட் நோட்டு புரோகிராம் வீட்ல எர்ரர் அடிக்குது. ரெண்டும் சி கம்பைலர்னுதான் சொல்றாங்க. நீ எந்த சி-ன்னு அதுகிட்டயே கேக்க வழி இருக்கா?
– மூணாம் வருஷ மாணவி, ஐந்து ரோடு, சேலம்

இருக்கும்மா, கேக்கறதுக்குன்னே ஸ்டாண்டர்டுல இடம் ஒதுக்கியிருக்காங்க. 1989-ல அமெரிக்காவோட ஆன்சி அமைப்பு முதல்முதலா சி மொழிக்கு ஸ்டாண்டர்டு போட்டப்ப __எஸ்டிடிசி__ ன்னு ஒரு மேக்ரோ, அதாவது ஒரு மதிப்புக்கு வச்ச பேரு, வச்சாங்க, முன்னாடி ரெண்டு அண்டர்ஸ்கோர், பின்னாடி ரெண்டு. அதோட மதிப்பு 1-ன்னா இந்தக் கம்பைலர் ஸ்டாண்டர்டுக்குக் கட்டுப்பட்டதுன்னு அர்த்தம். அவ்ளோதான். வருஷம் கிடையாது, பதிப்பு கிடையாது, ஆமா இல்ல ரெண்டுல ஒண்ணு. அடுத்த வருஷம் உலக அமைப்பான ஐஎஸ்ஓவும் அதையே எடுத்துக்கிச்சு. அப்புறம் தொண்ணூறுகளோட நடுவுல ஒரு திருத்தம் வந்து, எந்தப் பதிப்புன்னு சொல்ல வேண்டிய நிலைமை வந்தப்பதான் __எஸ்டிடிசி_வெர்ஷன்__ ன்னு இன்னொண்ணு வந்துச்சு. அதுல வருஷத்தையும் மாசத்தையும் ஒட்டி ஒரே நம்பரா எழுதுவாங்க, அந்தத் திருத்தத்துக்கு 199409, அடுத்து வந்த சி99-ங்கற பதிப்புக்கு 199901, சி11-க்கு 201112, சி17-க்கு 201710, இப்ப சி23-க்கு 202311, நம்பர் பின்னாடி லாங்னு காட்ட ஒரு எல் ஒட்டியிருக்கும்.

இதைப் பார்த்துட்டு வெளியான தேதின்னு எக்ஸாம்ல எழுதிடாத. சி99 வந்தது 1999 டிசம்பர்ல, நம்பர் ஜனவரின்னு சொல்லுது. சி17 வெளியானது 2018-ல. சி23 வெளியானதோ 2024-ல.

இப்ப உன் லேப் விஷயம். டர்போ சி++ தொண்ணூறுகளோட ஆரம்பத்துல வந்த சரக்கு, அதுல வெர்ஷன் மேக்ரோவே கிடையாது. __எஸ்டிடிசி__ கூட சும்மா ஓட்டினா இருக்காது, ஆப்ஷன்ஸ் மெனுவுல போய் கீவேர்ட்ஸை ஆன்சிக்கு மாத்தினாத்தான் 1 ஆகும். ஏன்னா நியர், ஃபார்னு டாஸ் சிஸ்டத்துக்குன்னே சேர்த்த சொந்த கீவேர்டுங்க அதுல நிறைய, அதெல்லாம் உயிரோட இருக்கிற வரைக்கும் "நான் ஸ்டாண்டர்டு"ன்னு சொல்ல அந்தக் கம்பைலருக்கே மனசு வரல. என்னைக் கேட்டா அது நாணயமான நடத்தை, பின்னாடி வந்த நிறைய பேர் இவ்ளோ நேர்மையா நடந்துக்கல. ஒரு வசதி என்னன்னா, இல்லாத மேக்ரோவை ஹேஷ்-இஃப் வரியில போட்டா, கம்பைல் ஆகறதுக்கு முன்னாடி கோடைப் பார்க்கிற ப்ரீப்ராசஸர் அதை 0-ன்னு எடுத்துக்கும், அதனால "வெர்ஷன் 199901-க்கு மேலயா?"ன்னு கேட்டா டர்போவும் எர்ரர் அடிக்காம "இல்ல" பக்கம் போயிடும்.

ஜிசிசி பக்கம் வா. நீ எந்தப் பதிப்புன்னு சொல்ற -எஸ்டிடி ஆப்ஷன் எதுவும் குடுக்காம ஓட்டுறேன்னு நினைக்கிறேன், எல்லாரும் அப்படித்தான். அப்ப அது எந்த சி-யைப் பேசும்ங்கறது உன் கையில இல்ல, கம்பைலரோட வயசைப் பொறுத்தது. 4.9 வரைக்கும் பழைய 1990 சி, 5-ல இருந்து 2011, 8-ல இருந்து 2017, உன் 15-ல 2023. சி23-ல வெறும் அடைப்புக்குறி போட்ட இன்ட் ஆட்() ஃபங்ஷன் அறிவிப்புக்கு "ஒரு ஆர்க்யுமெண்டும் (உள்ள குடுக்கற மதிப்பு) வாங்காது"ன்னு அர்த்தம் மாறிப்போச்சு. முன்னாடி அதுக்கு "என்ன வாங்கும்னு சொல்லல"ன்னு அர்த்தம். ரெக்கார்ட் நோட்டுல மேல அப்படி அறிவிச்சுட்டு கீழ ஆட்(2, 3)னு கூப்பிட்டிருந்தா எர்ரர் வராம என்ன பண்ணும். -எஸ்டிடி=ஜிஎன்யு17 ன்னு குடுத்துப் பாரு, அந்த எர்ரர் போயிடும். கோனியோ ஹெட்டரும் கிளியர்-ஸ்கிரீனும் குடுக்கற எர்ரர் போகாது, அது ரெண்டும் ஸ்டாண்டர்டுலயே கிடையாது, டாஸ் கம்பைலருங்களோட சொந்தச் சொத்து.

அந்த ஜிஎன்யு-ங்கற வார்த்தையைக் கவனி, அங்கதான் முக்கியமான விஷயமே இருக்கு. -எஸ்டிடி=சி90 வேற, -எஸ்டிடி=ஜிஎன்யு90 வேற, ரெண்டாவதுல ஜிசிசியோட சொந்தச் சேர்க்கைங்க எல்லாம் ஆன்ல இருக்கும். ஆனா ரெண்டுலயும் __எஸ்டிடிசி__ கேட்டா 1-ன்னுதான் பதில். ஸ்டாண்டர்டு சொந்தச் சேர்க்கைக்குத் தடை போடல, ஒரே நிபந்தனைதான், ஒழுங்கா எழுதின புரோகிராமோட விடையை அது மாத்திடக் கூடாது. ஜிஎன்யு90 மாத்துதா இல்லையான்னு நீயே சோதிக்கலாம், ரெண்டே வரி. ஒரு இன்ட் மாறிக்குள்ள மதிப்பா இதைப் போடு:

10 //**/ 2

அடுத்த வரியில வெறும் செமிகோலன். 1990 சி-யில ரெண்டு ஸ்லாஷ் கமெண்ட் (கம்பைலர் கண்டுக்காத குறிப்பு) கிடையாது, அதனால முதல் ஸ்லாஷ் வகுத்தல், அடுத்து வர்றது காலியான பழைய கமெண்ட், ஆக 10 வகுத்தல் 2, விடை 5. சி99-ல ரெண்டு ஸ்லாஷ் வந்ததுமே மிச்ச வரி பூரா கமெண்ட், விடை 10. இப்ப ஓட்டிப் பாரு, சி90 ஆப்ஷன்ல 5 வரும், ஜிஎன்யு90-ல 10 வரும். ஸ்டாண்டர்டு 5-ன்னு சொல்ற இடத்துல 10-னு சொல்லிட்டு, கேட்டா "நான் ஸ்டாண்டர்டுதான், 1"ன்னு சொல்லுது பாரு. நிஜ வாழ்க்கையில இப்படி ஒரு வரியை யாரும் எழுத மாட்டாங்கன்னு ஜிசிசிக்காரங்களுக்குத் தெரியும், அதனால பெரிய நஷ்டம் ஒண்ணுமில்ல, ஆனா அந்த 1-ங்கறது கம்பைலர் தன்னைப் பத்தித் தானே சொல்லிக்கிறதுங்கறது மட்டும் மண்டையில இருக்கட்டும்.

சார், விஷுவல் ஸ்டூடியோவுல சி++17 செட் பண்ணி, சி++17 கோடெல்லாம் நல்லா கம்பைல் ஆகுது. ஆனா __சிபிளஸ்பிளஸ்__ மேக்ரோவை பிரிண்ட் பண்ணினா 199711 வருது. 1997 நவம்பரா? என் டீம் லீட் "உன் செட்டிங் தப்பு"ங்கறார். செட்டிங் சரியாத்தான் இருக்கு.
– ஐடி ஊழியர், ஜாகீர் அம்மாபாளையம்

செட்டிங் சரிதாங்க, டீம் லீட்கிட்ட இந்தப் பக்கத்தைக் காட்டுங்க. (மேக்ரோ பேர்ல முன்னாடி மட்டும்தான் ரெண்டு அண்டர்ஸ்கோர், பின்னாடி கிடையாது, கடிதத்துல சேர்த்து எழுதிட்டீங்க.)

சி++ல இந்த மேக்ரோதான் பதிப்பு சொல்ற இடம். 98-க்கும் 2003-க்கும் 199711, அப்புறம் 201103, 201402, 201703, 202002, 202302. மைக்ரோசாஃப்ட் கம்பைலர் நீங்க எந்தப் பதிப்பை செட் பண்ணினாலும் தானா இதை மாத்தாது, 199711-லயே உக்காந்திருக்கும். காரணம் சோம்பேறித்தனம் இல்ல. உலகத்துல கிடக்கிற பழைய கோடு ஏகப்பட்டது இந்த நம்பரைப் பார்த்துதான் "ஓ இது மைக்ரோசாஃப்ட், இதுல அது இருக்காது"ன்னு வேற பாதையில போகுது, நம்பரை ஒரே நாள்ல மாத்தினா அதெல்லாம் விழுந்துடும்னு பயம். அதனால 2017 பதிப்போட 15.7 அப்டேட்ல ஒரு சுவிட்ச் குடுத்தாங்க: ஸ்லாஷ் போட்டு பெரிய இசட், சின்ன சி, கோலன், அதுக்கப்புறம் இந்த மேக்ரோ பேரு. அதை பிராஜெக்ட் செட்டிங்ல கமாண்ட் லைன் பெட்டியில சேருங்க, 201703 வரும். சேர்க்க முடியலன்னா _எம்எஸ்விசி_லாங் ங்கற அவங்க சொந்த மேக்ரோவைப் பாருங்க, அது உண்மையைச் சொல்லும்.

இதுல மைக்ரோசாஃப்டை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்ல. ஜிசிசி 2012-ல 4.7 வர்ற வரைக்கும் இதே மேக்ரோவுக்கு வெறும் 1-னு பதில் சொல்லிட்டிருந்துச்சு, சி++98 வந்து பதினாலு வருஷம் கழிச்சுத்தான் சரியான நம்பரே போட்டாங்க. சரி 199711-னு நம்பர் போட்டவங்களாவது முழு சி++98-ஐக் குடுத்தாங்களான்னு பார்த்தா அதுவும் இல்ல. அந்த ஸ்டாண்டர்டுல டெம்ப்ளேட்டுக்கு எக்ஸ்போர்ட்னு ஒரு வசதி இருந்துச்சு, அதை ஜிசிசியும் செய்யல, மைக்ரோசாஃப்டும் செய்யல, இடிஜிங்கற ஒரு சின்ன கம்பெனியோட ஃப்ரண்ட் எண்ட் (கம்பைலர்ல கோடைப் படிக்கிற முன்பகுதி) ஒண்ணுதான் உட்காந்து முழுசா செஞ்சு முடிச்சுச்சு. கடைசியில சி++11-ல அதைத் தூக்கியே போட்டுட்டாங்க.

இதைவிட வேடிக்கை மைக்ரோசாஃப்டோட சி பக்கம். சி99-ஐ அவங்க முழுசா தொடவே இல்ல, அளவு மாறுற அர்ரே வேணாம்னு பிடிவாதம். அப்புறம் சி11 கமிட்டி அந்த அர்ரேயை "இருந்தா இருக்கட்டும், இல்லன்னா ஒரு மேக்ரோ வச்சு இல்லன்னு சொல்லிடு"ன்னு தளர்த்தினாங்க. த்ரெட், அட்டாமிக், காம்ப்ளெக்ஸ் எண்ணுக்கும் அதே சலுகை. 2020-ல அவங்க கம்பைலர் சி99-ஐத் தாண்டிக் குதிச்சு நேரா சி11-னு சொல்ல ஆரம்பிச்சுது, 201112-னு நம்பரும் போட்டுச்சு, கூடவே "இது இல்ல, அது இல்ல"ன்னு சொல்ற அந்த மேக்ரோங்களையும் வச்சுச்சு. இதெல்லாம் சட்டப்படி சரிதான். ஆனா மெமரி ஒதுக்கற அலைண்டு-அல்லாக் ங்கற ஃபங்ஷன் சலுகைப் பட்டியல்ல கிடையாது, கட்டாயம் இருக்கணும், அது மட்டும் அங்க இல்ல. விண்டோஸ்ல அந்த மெமரியைத் திருப்பிக் குடுக்கற ஃப்ரீ ஃபங்ஷன் நடந்துக்கிற விதத்துல அதைக் கொண்டு வர முடியாதுன்னு அவங்க டாகுமெண்ட்லயே எழுதி வச்சிருக்காங்க. நம்பர் 201112 தான். ஒளிச்சு வைக்காம எழுதி வச்சாங்களே, அதுவரைக்கும் நல்லது.

அதனால என் அபிப்பிராயம் இதுதாங்க, மொத்த ஸ்டாண்டர்டுக்கும் ஒரே நம்பர்ங்கறது கேக்கறதுக்கே தப்பான கேள்வி. உங்க கோடுக்கு முழு சி++17-ம் வேணாம், அதுல நாலு வசதி வேணும், அந்த நாலைத் தனித்தனியா கேளுங்க. சி++20-ல இருந்து ஒவ்வொரு வசதிக்கும் ஒரு மேக்ரோ ஸ்டாண்டர்டுலயே வந்துடுச்சு, கான்செப்ட்ஸுக்கு ஒண்ணு, கான்ஸ்ட்-எக்ஸ்பருக்கு ஒண்ணு, இப்படி. ஒவ்வொண்ணுலயும் வருஷம்-மாசம் நம்பர் இருக்கும், வசதி வளர வளர நம்பரும் ஏறும், கான்ஸ்ட்-எக்ஸ்பர் மட்டும் 200704, 201304, 201603, 201907-னு ஏறிட்டே வந்திருக்கு. லைப்ரரி வசதிங்களோடதெல்லாம் வெர்ஷன்ங்கற ஒரே ஹெட்டர்ல கிடைக்கும். ஒரு ஹெட்டர் இருக்கா இல்லையான்னே கேக்க சி++17-ல ஹேஸ்-இன்க்ளூட் வந்துச்சு, அதை இப்ப சி23-யும் எடுத்துக்கிச்சு.

இன்னொண்ணு. கம்பைலர் யாருன்னு பார்த்து முடிவு பண்றதும் ஆபத்து. கிளாங்ங்கற இன்னொரு கம்பைலரை "நீ ஜிசிசியா?"ன்னு அந்த __ஜிஎன்யுசி__ மேக்ரோ மூலமா கேட்டா ஆமான்னு சொல்லும், அதுவும் 4.2.1 பதிப்புன்னு. அது பொய் சொல்லணும்னு சொல்லல, ஜிசிசிக்குன்னு எழுதின ஹெட்டருங்க எல்லாம் தன்கிட்டயும் ஓடணும்ல, அந்தக் கட்டாயம். விண்டோஸ்ல போனா அதே கிளாங் மைக்ரோசாஃப்டோட மேக்ரோவையும் மாட்டிக்கும்.

எங்க பட்டறையில செய்யற கொலுசுக்கு நாங்களே "நல்ல வெள்ளி"ன்னு சொன்னா கடைக்காரன் எடுக்க மாட்டான். வெளிய சென்டர்ல குடுத்து, டச் பார்த்து, ஹால்மார்க் குத்தினாத்தான் பேச்சு. என் பையன் படிக்கிற இந்தக் கம்பைலருக்கு அப்படி வெளிய குத்தறவன் எவனும் இல்லையா?
– கொலுசுப் பட்டறைக்காரர், செவ்வாய்ப்பேட்டை

அண்ணே, இந்த இதழ்லயே சரியான கேள்வி உங்களோடதுதான். மேல நான் சொன்ன 1, 199711 எல்லாம் பட்டறைக்காரரே தன் கொலுசுல குத்திக்கிட்ட முத்திரை. வெளிய டச் பார்த்துக் குத்தின காலமும் ஒண்ணு இருந்துச்சு.

அதுல உச்சம் ஏடாங்கற மொழி. அமெரிக்க ராணுவத்துக்குன்னு செஞ்சது, 1983-ல ஸ்டாண்டர்டு ஆச்சு. அந்தப் பேரையே அமெரிக்கப் பாதுகாப்புத் துறை டிரேட்மார்க்கா வச்சிருந்துச்சு, சோதனையில பாஸ் ஆகாம எவனும் தன் கம்பைலரை ஏடான்னு சொல்லி விக்க முடியாது. சோதனைன்னா சும்மா பத்துப் பதினஞ்சு புரோகிராம் இல்ல, பெரிய கட்டு. அதுல பி-ன்னு ஒரு வகை எனக்கு ரொம்பப் பிடிக்கும், வேணும்னே தப்பா எழுதின புரோகிராமுங்க. சரியானதை ஓட்டினா போதாது, தப்பானதையெல்லாம் ஒண்ணு விடாம கம்பைலர் பிடிச்சுக் காட்டணும், ஒண்ணை உள்ள விட்டாலும் ஃபெயில். நல்ல வெள்ளியை நல்ல வெள்ளின்னு சொல்றது பெருசில்ல, ஈயம் கலந்ததை உள்ள விடாம இருக்கணும்ல, அதேதான். முதல்ல பாஸ் ஆனது நியூயார்க் யுனிவர்சிட்டியோட ஏடா/எட், 1983 ஏப்ரல்ல. ஓட்டினா நத்தை வேகம், ஆனாலும் சர்டிஃபிகேட் வாங்கிடுச்சு, ஏன்னா சோதனை கேட்டது சரியா இருக்கான்னுதான், வேகமா இருக்கான்னு இல்ல.

1987-ல டிரேட்மார்க்கை விட்டுட்டாங்க, 1998-ல அதுக்குன்னு இருந்த ராணுவ ஆபீஸையும் மூடிட்டாங்க. அந்தச் சோதனைக் கட்டு மட்டும் ஏகேட்ஸ்ங்கற பேர்ல இன்னும் வளர்ந்துட்டு வருது, எப்படிச் சோதிக்கணும்ங்கறதுக்கே தனியா ஒரு ஐஎஸ்ஓ ஸ்டாண்டர்டு இருக்கு.

சி மொழிக்கும் தொண்ணூறுகள்ல அமெரிக்காவுல நிஸ்ட், இங்கிலாந்துல பிஎஸ்ஐன்னு ரெண்டு ஸ்டாண்டர்டு அமைப்பும் சோதிச்சு சர்டிஃபிகேட் குடுத்தாங்க. அரசாங்கம் வாங்கணும்னா சர்டிஃபிகேட் வேணும்ங்கற விதி இருந்த வரைக்கும் அது நடந்துச்சு, தொண்ணூறுகளோட கடைசியில நிஸ்ட் நிறுத்திடுச்சு. இப்ப பிளம் ஹால், பெரினியல், சூப்பர்டெஸ்ட்னு காசு குடுத்து வாங்கற சோதனைக் கட்டுங்க இருக்கு, கார் பிரேக், விமானம்னு உயிர் சம்பந்தப்பட்ட இடத்துக்கு கம்பைலர் செய்யறவங்க அதை வாங்கி ஓட்டி ரிப்போர்ட்டைக் காட்டுவாங்க. உங்க பையன் லேப்டாப்ல இருக்கிற இலவசக் கம்பைலருக்கு எந்த சென்டரும் முத்திரை குத்தல. ஆனா லட்சக்கணக்கான பேர் தினமும் ஓட்டி, தப்பு கண்டா புகார் எழுதறாங்களே, அது வேற மாதிரியான காவல், சர்டிஃபிகேட்டை விட அதைத்தான் நான் அதிகமா நம்புவேன்.

நான் கோபால்ங்கற கம்ப்யூட்டர் மொழியில முப்பது வருஷம் ஓட்டி ரிட்டயர் ஆனவன். எங்க காலத்துலயும் சோதனை உண்டு. அதை எழுதாம விட்டுறாதீங்க.
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ஏற்காடு

விடுவேனாங்க ஐயா. ஏடாவுக்கு முன்னாடியே வந்தது உங்க கோபால்தான். கிரேஸ் ஹாப்பர் அம்மா அமெரிக்கக் கடற்படையில இருந்தப்ப, அறுபதுகளோட கடைசியில இருந்து எழுபதுகள் வரைக்கும், கோபால் கம்பைலருங்களைச் சோதிக்கிற புரோகிராம் தொகுப்பைச் செய்ய வச்சாங்க. கம்பெனிக்கு ஒரு கோபால்னு ஆகிட்டா கடற்படை ஒரு மெஷின்ல எழுதினதை இன்னொண்ணுல ஓட்ட முடியாது, அதான் காரணம். அந்த வழியில வந்த நிஸ்டோட கோபால் 85 சோதனைக் கட்டு இன்னைக்கும் உயிரோட இருக்கு. இலவசமா கிடைக்கிற க்னூகோபால் அதுல பெரும்பாலான சோதனையில பாஸ் ஆகும், ஆனா அவங்க டாகுமெண்ட்ல "நாங்க எந்த ஸ்டாண்டர்டு நிலைக்கும் உரிமை கொண்டாடல"ன்னு தெளிவா எழுதியிருக்காங்க. பாஸ் ஆகியும் சொல்லிக்க மாட்டேங்கறவங்களும் இருக்காங்க, பாருங்க. மழை விட்டு மலையில கரண்ட் நின்னு வர்றப்ப ஒரு தடவை இறக்கிப் போட்டுப் பாருங்க ஐயா, பழைய கை மறந்திருக்காது.

வாய்ட் மெயின் போட்டா மார்க் குறைக்கலாமா? ஸ்டாஃப் ரூம்ல ரெண்டு கட்சி ஆயிடுச்சு.
– பாலிடெக்னிக் விரிவுரையாளர், ஓமலூர்

குறைக்கலாம், ஆனா "ஸ்டாண்டர்டு தடை பண்ணியிருக்கு"ன்னு காரணம் எழுதாதீங்க. ஸ்டாண்டர்டு ரெண்டு உலகத்தைச் சொல்லுது, ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு மேல ஓடற ஹோஸ்டட், வெறும் சிப்புல ஓடற ஃப்ரீஸ்டாண்டிங். முதல் உலகத்துல, புரோகிராம் தொடங்கற மெயின் ஃபங்ஷன் ஒரு இன்ட் (முழு எண்) திருப்பணும், வாய்ட்னா எதுவும் திருப்பாது, சி99-ல இருந்து "அல்லது கம்பைலர் வேற விதமா சொல்லியிருந்தா அப்படி"ன்னு ஒரு வாலும் உண்டு. ஆக வாய்ட் மெயின் ஒத்துக்குவேன்னு டாகுமெண்ட்ல எழுதின கம்பைலர்ல அது சரி, வேற இடத்துக்குக் கொண்டு போனா உத்தரவாதம் இல்ல. சி++ல அந்தச் சலுகையே கிடையாது. ரெண்டாவது உலகத்துல முதல்ல ஓடற ஃபங்ஷன் பேரே மெயினா இருக்கணும்னு கட்டாயம் இல்ல.

எந்த உலகம்னு சொல்ல __எஸ்டிடிசி_ஹோஸ்டட்__ ன்னு ஒரு மேக்ரோ, 1 அல்லது 0. 0-ன்னா அங்க பிரிண்ட்-எஃப் இல்லாட்டியும் அந்தக் கம்பைலர் முழு ஸ்டாண்டர்டுதான், சி99 கணக்குல அது ஏழே ஏழு ஹெட்டர் குடுத்தா போதும். எம்பெடட் லேப் எடுக்கிற பசங்களுக்கு மார்க் போடறதுக்கு முன்னாடி இதைச் சொல்லிக் குடுத்தா ஸ்டாஃப் ரூம் சண்டையே வராது.

ஜிசிசியில பெடான்டிக் ஆப்ஷன் போட்டு வார்னிங் வரலன்னா என் கோடு ஸ்டாண்டர்டுதானே?
– புரோகிராமர், ஆத்தூர்

இல்லைங்க. ஸ்டாண்டர்டு கம்பைலர்கிட்ட கேக்கறது கொஞ்சம்தான்: இலக்கண விதியையோ, கட்டாயக் கட்டுப்பாட்டையோ மீறினா ஏதாவது ஒரு செய்தி சொல்லணும். எர்ரரா இருக்கணும்னு இல்ல, வார்னிங் போதும், அதைச் சொல்லிட்டு புரோகிராமை ஓட்டியும் விடலாம். எர்ரர் வேணும்னு நாமளே எழுதற ஹேஷ்-எர்ரர் வரியில மட்டும்தான் நின்னே ஆகணும். பெடான்டிக் அந்தக் கட்டாயச் செய்திங்களைத்தான் ஒழுங்கா குடுக்க வைக்கும், அளவு தாண்டி அர்ரேயில எழுதறது மாதிரி வரையறையே இல்லாத விஷயங்களைப் பிடிக்கறது அதோட வேலை இல்ல. ஜிசிசி மேனுவலே இதைச் சொல்லி எச்சரிக்குது.

இந்த "வார்னிங் போதும்"ங்கறது எவ்ளோ தூரம் போச்சு தெரியுமா? அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிடறது சி99-லயே தப்பாயிடுச்சு. ஜிசிசி அதை வார்னிங்கோட விட்டுட்டே இருந்து 2024-ல 14 வந்தப்பதான் எர்ரரா மாத்துச்சு. கால் நூற்றாண்டு. அத்தனை வருஷமும் அது ஸ்டாண்டர்டை மீறல, செய்தி சொல்லிட்டுத்தான் இருந்துச்சு, நாமதான் படிக்கல.

ஜாவா, பைத்தானுக்கெல்லாம் இந்தத் தொல்லை இல்லையா?
– பி.சி.ஏ. மாணவர், அம்மாபேட்டை

ஜாவாவுக்கு டிசிகேன்னு சோதனைக் கட்டு இருக்கு, பாஸ் ஆனாத்தான் ஜாவான்னு சொல்லிக்கலாம். அந்தக் கட்டை என்ன நிபந்தனையில குடுக்கறதுன்னு அப்பாச்சிங்கற இலவச சாஃப்ட்வேர் அமைப்புக்கும் ஜாவாவைச் செஞ்ச சன் கம்பெனிக்கும் 2007-ல பகிரங்கமா சண்டை ஆகி, சன்னை ஆரக்கிள் வாங்கின பிறகும் தீராம, 2010 டிசம்பர்ல அப்பாச்சி ஜாவா கமிட்டியை விட்டே வெளியேறிடுச்சு. பைத்தானுக்கு ஐஎஸ்ஓ ஸ்டாண்டர்டே கிடையாது, மேனுவல் உண்டு, சந்தேகம் வந்தா, எல்லாரும் ஓட்டற மூல பைத்தானான சிபைத்தான் என்ன பண்ணுதோ அதுதான் வழக்கம்.

பழைய ஜிசிசியில ஒரு வரி எழுதினா கேம் ஓப்பன் ஆகும்னு எங்க சார் சொல்றார். கப்சாதானே?
– இன்ஜினியரிங் மாணவர், சூரமங்கலம்

கப்சா இல்ல, உங்க சார் சொன்னது நிஜம். எண்பதுகளோட கடைசியில வந்த ஜிசிசி. ஸ்டாண்டர்டு டிராஃப்ட்ல ஹேஷ்-பிராக்மான்னு ஒரு வரி சேர்த்து, "இது என்ன பண்ணும்ங்கறதை கம்பைலரே முடிவு பண்ணிக்கலாம்"னு எழுதியிருந்தாங்க. ஜிசிசிக்காரங்களுக்கு அந்த பிராக்மாவே பிடிக்கல, சரி முடிவு நம்மகிட்டதானேன்னு, அந்த வரி வந்தா ரோக், ஹேக்னு ஏதாவது ஒரு கேமை ஓட்டப் பார்க்கும், ரெண்டும் இல்லன்னா ஈமேக்ஸ்ங்கற எடிட்டரைத் திறந்து டவர்ஸ் ஆஃப் ஹனாய் ஆடிக் காட்டும், எதுவுமே இல்லன்னா எர்ரர் சொல்லி நின்னுடும்னு வச்சுட்டாங்க.

இதுல ஸ்டாண்டர்டை மீறினாங்களான்னு கேட்டா, கம்பைலர் முடிவு பண்ற விஷயத்துக்கு ஒரே நிபந்தனைதான், என்ன முடிவு பண்ணினோம்னு டாகுமெண்ட்ல எழுதி வைக்கணும். அவங்க எழுதி வச்சிருந்தாங்க, எந்த கேம் முதல்ல, எது அடுத்ததுன்னு வரிசையோட.